கல் போகட்டும், மண் இருக்கட்டும்: உருளைக்கிழங்கு கிண்டும் மெசினால் தோட்டத்துக் கல் எடுக்கும் வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் தோட்டம் கொத்திய எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். மண்வெட்டி செம்மண்ணுக்குள் இறங்கி, பாதி வழியில் ‘டங்’ என்று நிற்கும். அதிர்வு பிடி வழியே முழங்கை வரை ஏறும். குனிந்து கிளறினால் ஒரு சுண்ணாம்புக்கல் கிடக்கும். தேங்காய்ப் பருமன், மண் ஒட்டிய பக்கம் சிவப்பு, இரும்பு பட்ட இடம் வெள்ளை. அதை வரம்பில் எறிந்துவிட்டு அடுத்த கொத்தைப் போட்டால் இன்னொன்று.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பல வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது ஆறு பரப்புத் தறையில் பற்றையும், இடிந்த மதிலும், கல்லும்தான் எங்களுக்காகக் காத்திருந்தன. பற்றையை வெட்டினோம், மதிலை அகற்றினோம். கல் மட்டும் தீரவில்லை. மூன்று வருடம் கடகத்தில் பொறுக்கினோம். அப்புறம்தான் உருளைக்கிழங்கு கிண்டும் மெசினைக் கல்லுக்கு மாற்றும் வேலையில் இறங்கினோம். எங்களைப் போலவே நிலம் திரும்பக் கிடைத்தவர்களும், பாட்டன் காலத்துத் தறையில் புதிதாகத் தோட்டம் தொடங்கும் பிள்ளைகளும் இப்போது இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏன் ஜேசிபி வேண்டாம்

கல் என்றதும் பலரும் முதலில் கூப்பிடுவது ஜேசிபியைத்தான். வேலை ஒரே நாளில் முடியும், உண்மைதான். ஆனால் அதன் வாளிக்குக் கல்லும் மண்ணும் ஒன்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு தறையில் இரண்டு நாள் வாளி போட்டார்கள். லொறியில் போனதில் பாதிக்கு மேல் நல்ல செம்மண். கீழே இருந்த வெள்ளை மக்கி, அதாவது நொறுங்கிய சுண்ணாம்புக்கல், மேலே வந்துவிட்டது. அடுத்த போகம் அங்கே வைத்த மிளகாயின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக நின்றன. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமல் வரும் வெளிறல் அது.

நம் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதற்கு மேல் போர்வைபோலக் கிடக்கிறது செம்மண். சில இடத்தில் ஆள் ஆழம், சில இடத்தில் ஒரு சாண்தான். தோட்டத்துக்கு உயிர் அந்தப் போர்வைதான். ஆகவே எந்த முறையைத் தெரிவு செய்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: கல்லோடு எவ்வளவு மண் வெளியே போகிறது? உருளைக்கிழங்கு கிண்டும் மெசின் எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான். அது மண்ணை அரித்து, விழ வேண்டிய இடத்திலேயே விழவிட்டு, கல்லை மட்டும் மேலே கொண்டுவருகிறது.

இது புதிய யோசனை இல்லை. ஸ்கொட்லாந்து போன்ற உருளைக்கிழங்கு நாடுகளில் நடுகைக்கு முன்னரே கல்லைப் பிரித்து ஒதுக்கத் தனி மெசின்கள் ஓடுகின்றன. அவற்றின் உள்ளே இருப்பதும் கிழங்கு கிண்டும் மெசினின் அதே கத்தி, அதே சல்லடை ஏற்பாடுதான். அங்கெல்லாம் பழைய அறுவடை மெசின்களைக் கமக்காரரே பலப்படுத்திக் கல் பொறுக்கப் பயன்படுத்துவதும் உண்டு. ஒரு வித்தியாசம் நினைவில் இருக்கட்டும். குளிர் நாடுகளில் நிலம் உறைந்து இளகும்போது அடியில் உள்ள கல் வருடா வருடம் மேலே தள்ளப்படும். நமக்கு உறைபனி இல்லை. நம் தறையில் கல்லை மேலே கொண்டுவருவது உழவுதான். ஆழ உழுதால் புதுக்கல் வரும், ஆழத்தைக் கட்டுப்படுத்தினால் கல்லும் ஒரு கட்டத்தில் குறையும்.

இறங்குவதற்கு முன்: வெடிபொருள்

இதைத் தாண்டி ஒரு வரியும் போக வேண்டாம். உங்கள் நிலம் முன்பு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்ததென்றால், அல்லது சண்டை நடந்த இடத்துக்குக் கிட்ட என்றால், கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலமா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். எவ்வளவு ஆழத்துக்குத் துப்புரவு செய்தார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். புல் மேய்வதற்குப் போதுமான துப்புரவு, கத்தி இறங்கும் வேலைக்குப் போதும் என்று நீங்களாக முடிவெடுக்கக் கூடாது.

வேலை நடக்கும்போது துருப்பிடித்த உருளை, குழாய்த் துண்டுபோல ஒன்று, பிளாஸ்ரிக் மூடி, மண்ணுக்குள் போகும் வயர் என்று எதைக் கண்டாலும் தொட வேண்டாம். கல்லால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். எஞ்சினை நிற்பாட்டுங்கள். வந்த தடத்தாலேயே திரும்பி வாருங்கள். தூரத்தில் ஒரு தடி நட்டு அடையாளம் வையுங்கள், பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். கூலிக்கு வந்தவர்களுக்கும் இதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைய வேலை நின்றால் நிற்கட்டும்.

எவ்வளவு கல் என்று அளந்து பாருங்கள்

“சரியான கல்லு” என்பது அளவு இல்லை. தறையில் மூன்று நான்கு இடங்களைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணைக் கிண்டுங்கள். முட்டைப் பருமனுக்கு மேல் உள்ள கல் முழுவதையும் பொறுக்கி, மண்ணைத் தட்டி, நிறுங்கள். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆகவே வந்த கிலோவை 250 ஆல் பெருக்கினால் ஒரு பரப்பில் உள்ள கல் கைக்கு வரும்.

எங்கள் தறையில் சராசரி 20 கிலோ வந்தது. பெருக்கிப் பார்த்தேன்: பரப்புக்கு 5 தொன். ஆறு பரப்புக்கு 30 தொன். இவ்வளவு கல்லையா மூன்று வருடம் கடகத்தால் தீர்த்துவிடலாம் என்று நினைத்தோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சதுர மீற்றருக்கு 4, 5 கிலோதான் வருகிறதென்றால் மெசின் தேவையில்லை. நாலு பேர் சேர்ந்து கையால் பொறுக்கலாம், மண்ணுக்கும் அதுதான் நல்லது.

நிறுத்த கல்லை உடனே கொட்டிவிட வேண்டாம். மூன்று கும்பியாகப் பிரியுங்கள்: கைமுட்டிக்குக் கீழ், கைமுட்டியிலிருந்து தேங்காய் வரை, அதற்கு மேல். நடுக் கும்பிதான் மெசினின் வேலை. தேங்காயைவிடப் பெரியதை மெசினுக்கு விடாமல் அலவாங்கு போட்டு முன்னரே கிளப்ப வேண்டும். கைமுட்டிக்குக் கீழே உள்ளதை நிலத்திலேயே விடலாம் என்பது என் கருத்து. சின்னக்கல் மழைத்துளியின் அடியைத் தாங்கும், மண் கரைந்து ஓடாமல் பிடிக்கும், வெயிலில் ஈரத்தையும் கொஞ்சம் காக்கும். கரட் போடுபவர்கள் மட்டும் இதை ஏற்கமாட்டார்கள். கரட் வேர் சின்னக்கல்லில் முட்டினாலும் கவராகப் பிரியும். அவர்கள் அந்த ஒரு பாத்திக்கு மட்டும் கையால் அரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது பாறை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஒரு 12 மில்லிமீற்றர் கம்பியை ஆள் உயரத்துக்கு வெட்டி, நுனியைக் கூராக்கி, இரண்டு எட்டுக்கு ஒரு தரம் குத்திக்கொண்டு போங்கள். தனிக்கல்லில் பட்டால் சத்தம் ‘டக்’ என்று அமுங்கும், கம்பியை அசைத்தால் கல்லும் கொஞ்சம் அசையும். பாறையில் பட்டால் ‘டிங்’ என்று தெளிவாக வரும், கம்பி கைக்குள் துள்ளும். அரைக் காலை குத்தினால் காது பழகிவிடும். ஒரு சாணுக்குள் பாறை படும் இடத்திலெல்லாம் ஒரு கிளுவைக் கதியால் (வேலித் தடி) ஊன்றுங்கள். அந்த இடத்தில் மெசின் இறங்கக் கூடாது. அங்கே தென்னங்கன்றோ முருங்கையோகூட யோசித்துத்தான் வைக்க வேண்டும். புல்லுக்கு விடலாம், கல்லைக் குவிக்கவும் அதுவே நல்ல இடம்.

கிணற்றிலிருந்து வரும் பிவிசி குழாய் எங்கே ஓடுகிறது என்றும் வீட்டில் வயதானவர்களைக் கேட்டு அடையாளம் வையுங்கள். பழைய முள்ளுக்கம்பி கிடந்தால் ஒன்றும் விடாமல் எடுங்கள். சங்கிலியில் அது சுற்றினால் ஒரு நாள் போய்விடும்.

மெசின் எப்படி வேலை செய்கிறது

முன்னால் ஒரு கத்தி. அது பாத்தியின் அடியில் சாய்வாக இறங்கி மண்ணையும் கிழங்கையும் சேர்த்துத் தூக்கும். தூக்கியது பின்னால் ஓடும் கம்பிச் சங்கிலியில் ஏறும். சங்கிலி என்றால் குறுக்குக் கம்பிகளை வரிசையாகக் கோர்த்த ஒரு படுக்கை. அது குலுங்கிக் குலுங்கி ஓடும்போது மண் இடைவெளியால் கீழே விழும், கிழங்கு பின்னால் போய் நிலத்தின் மேல் வரிசையாக விழும். ட்ரக்டரின் பீடிஓ தண்டுதான், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் பூட்டிய மெசினுக்குக் கடத்தும் தண்டுதான், சங்கிலியை ஓட்டுகிறது. கிழங்குக்குப் பதிலாகக் கல் என்று வைத்துக்கொண்டால் தத்துவம் அப்படியே பொருந்தும். பொருந்தாதது பலம்தான். கிழங்குக்குச் செய்த கத்தி கல்லில் வளையும், கிழங்குக்குச் செய்த கம்பி கல்லில் தெறிக்கும்.

ஒற்றை வரிசை மெசின் சுமார் இரண்டடி அகலம் எடுக்கும். சின்னத் தறைகளுக்கு அதுதான் சரி. 35 குதிரைவலுவுக்கு மேற்பட்ட நாலு சில்லு ட்ரக்டர் தாராளமாக இழுக்கும். இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரில் பூட்டும் சின்னக் கிண்டிகளும் உண்டு. அவற்றை இந்த வேலைக்கு நான் சொல்லமாட்டேன். பாரம் போதாது, கல்லில் ஏறித் துள்ளும், பிடித்து நடப்பவரின் கையையும் நெஞ்சையும்தான் அது அடிக்கும்.

மாற்ற வேண்டியவை

முதலாவது கத்தி. முழு அகலத்துக்கும் ஒரே தகடாக இருக்கும் கத்தி கல்லுக்கு உதவாது. கல் அதன் விளிம்பில் முட்டி, ஏறாமல் முன்னே தள்ளுப்பட்டுக்கொண்டே போகும். தகட்டைக் கழற்றிவிட்டு, விரல்கள்போல நீண்ட கூர்களைப் பூட்ட வேண்டும். நாங்கள் பழைய லொறியின் வில்லுத் தகட்டை வெட்டி ஏழு விரல் செய்தோம், விரலுக்கு விரல் நாலு சென்ரிமீற்றர் இடைவெளி. மண் அங்கேயே பாதி வடிந்துவிடும், கல் விரல்மேல் வழுக்கி ஏறும். விரல்களை வெல்டிங்கால் ஒட்ட வேண்டாம், போல்ட்டில் பூட்டுங்கள். ஒன்று தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். தவிர, வில்லுத் தகடு கார்பன் கூடிய உருக்கு. சூடாக்காமல் சாதாரண குச்சியால் ஒட்டினால் ஒட்டு நிற்பதுபோல நின்று, முதல் பெரிய கல்லில் ஒட்டின் ஓரத்தாலேயே விரியும். ஒட்டத்தான் வேண்டும் என்றால் முன்சூடு கொடுத்து, ஐதரசன் குறைந்த 7018 குச்சியைக் காயவைத்துப் பாவித்து, மெல்ல ஆறவிடத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டாவது சங்கிலி. கிழங்குக்கு இருக்கும் இடைவெளி கல்லுக்கு நெருக்கம். மண் வடியாமல் மேலே போகும். எனக்குச் சரிவந்தது 45 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்த கல் மண்ணோடு திரும்ப விழும், அதைத்தான் நாம் விடலாம் என்றோம். ‘ஒன்றுவிட்டு ஒரு கம்பியைக் கழற்றினால் போதும்’ என்று பலர் சொல்வார்கள். உங்கள் சங்கிலி எந்த வகை என்று முதலில் பாருங்கள். கம்பிகள் இரண்டு பக்கமும் வாரிலோ உருளைச் சங்கிலியிலோ பொருத்தப்பட்டவை என்றால் கழற்றலாம். ஒரு கம்பியின் கொளுக்கி அடுத்த கம்பியில் மாட்டி, கம்பியே சங்கிலியாக ஓடும் வகை என்றால் ஒன்றைக் கழற்றினால் சங்கிலியே அறும். அதற்குப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். எங்களுடையது முதல் வகை. 11 மில்லிமீற்றர் கம்பியை எடுத்துவிட்டு 16 மில்லிமீற்றர் உருண்டைக் கம்பி போட்டோம். கழற்றிய கம்பிகளைக் கட்டி, எண்ணி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் தேவைப்படும்.

மூன்றாவது, உடைவதற்கென்றே ஒரு போல்ட். பீடிஓ தண்டிலிருந்து சங்கிலிக்குப் போகும் வழியில் வெட்டுப் போல்ட் ஒன்று இருக்கும். கல் இறுகினால் அது உடைந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். கையேட்டில் சொன்ன தரத்துக்கு மேலே உள்ள போல்ட்டை அதில் போடக் கூடாது. நானும் ஒருமுறை, அடிக்கடி உடைகிறதே என்று கடும் போல்ட் ஒன்றைப் பூட்டினேன். அன்று மாலை போல்ட் நின்றது, கியர்ப் பெட்டியின் பல் போனது. ஒரு போல்ட்டின் விலைக்குப் பதிலாக இரண்டு மாதம் காத்திருந்து பல்லுச்சில்லு மாற்ற வேண்டி வந்தது. சாதாரண போல்ட் பத்தை டப்பாவில் போட்டு ட்ரக்டரில் வையுங்கள். அடிக்கடி உடைகிறதென்றால் ஆழம் கூட, அல்லது வேகம் கூட என்று அர்த்தம்.

ஆழச் சில்லு இல்லாத மெசின் என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சில்லுப் பூட்டுங்கள். ட்ரக்டரின் தூக்குக் கைகளை மட்டும் நம்பி ஆழத்தைப் பிடிக்க முடியாது. பீடிஓ தண்டின் மூடி உடைந்திருந்தால் அதை மாற்றாமல் மெசினை வீட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

எந்த ஈரத்தில் இறங்குவது

புதிதாக வருபவர்கள் பிழை விடும் இடம் இதுதான். எங்கள் முதல் முயற்சியும் இங்கேதான் கெட்டது. ஆடி மாதம், நிலம் காய்ந்து கிடந்தது. மெசின் ஓடியது, பின்னால் வரிசையாக விழுந்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்டோம். கிட்டப் போய்ப் பார்த்தால் பாதி மண்கட்டி. காய்ந்த செம்மண் கட்டியாகத்தான் கிளம்பும். கட்டிக்கும் கல்லுக்கும் சங்கிலிக்கு வித்தியாசம் தெரியாது, நிறமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படியே ஏற்றியிருந்தால் ஜேசிபி செய்த அநியாயத்தைத்தான் நாங்களும் செய்திருப்போம். மழை பெய்த மறுநாள் இறங்கினால் இன்னொரு கரைச்சல்: மண் பசையாகக் கம்பியில் அப்பி இடைவெளியை அடைக்கும்.

ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக வர வேண்டும். அதை இடுப்பு உயரத்திலிருந்து நிலத்தில் விடுங்கள். விழுந்து நாலைந்து துண்டாக உதிர்ந்தால் அன்று வேலை செய்யலாம். தட்டையாக அப்பினால் பொறுங்கள். உருண்டையே வராமல் பொடியாகப் போனால், அல்லது கட்டி கட்டியாக நின்றால், கிணற்றிலிருந்து இறைத்து இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் வடியவிடும், அது நமக்கு வசதி.

மாதக் கணக்கில் சொன்னால் ஆவணி, புரட்டாதி நல்லது. முந்திய பயிர் எடுத்திருப்போம், வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடிக்க முன்னர் கல் வெளியே போய்விடும், கிழங்கு நடுகைக்கும் நேரம் இருக்கும். கிழங்கு மெசின் வைத்திருப்பவருக்கும் அந்த மாதங்களில் அதற்கு வேலை இல்லை. கேட்டால் தருவார், ஆனால் என்னென்ன மாற்றப் போகிறீர்கள் என்று முன்னரே சொல்லி, அவர் முன்னிலையில் கழற்றுங்கள்.

ஓட்டும் நாள்

முதலில் கொத்துக்கலப்பையால் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு தரம் மேலோட்டமாக இழுத்து மண்ணை இளக்குங்கள். தட்டுக் கலப்பை வேண்டாம், அது அடியைப் புரட்டும். ரொட்டவேட்டர் வேண்டவே வேண்டாம். அதன் கத்தியும் முறியும், மென்மையான சுண்ணாம்புக்கல் மாவாகி மண்ணோடு கலக்கும். கல்லை நிலத்திலேயே அரைத்துவிடும் மெசின்கள் வெளிநாட்டில் உண்டென்று சிலர் ஆசையாகச் சொல்வார்கள். கருங்கல் நிலத்துக்கு அது சரியாக இருக்கலாம். நம்முடையது சுண்ணாம்புக்கல். அரைத்தால் முன்னே சொன்ன மஞ்சள் இலையை நாமே விதைத்ததாகிவிடும்.

அப்புறம் மெசின். முதல் ஓட்டம் 8 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழம். அதற்கு மேல் வேண்டாம். ட்ரக்டர் அடிக் கியரில், மணிக்கு 2 கிலோமீற்றர், ஆள் மெல்ல நடக்கும் வேகம். பீடிஓவை நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு ஏற்ற வேண்டாம். 350 அளவில் சங்கிலி நிலத்தின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட ஓடினால் போதும். வேகம் கூடினால் கல் சங்கிலியில் துள்ளி உடையும், கம்பியை அடிக்கும், பின்னால் நிற்பவர்மேல் தெறிக்கும்.

காதைத் திறந்து வைத்திருங்கள். கல் ஏறி ஓடும்போது கடகடவென்று ஒரே சீராகச் சத்தம் வரும். கத்தி பாறையைத் தொடும்போது சத்தம் பெரிதாக மாறாது. எஞ்சினின் குரல் தாழும், ட்ரக்டரின் முன்சில்லு இலேசாகிவிட்டதுபோல இருக்கும். அந்த நொடியில் கிளச்சை மிதித்து மெசினைத் தூக்குங்கள். முறுக்கி இழுத்துப் பார்க்க நினைத்தால் விரல் வளையும். அந்த இடத்தில் ஒரு கதியால் நட்டுவிட்டு அடுத்த பக்கத்தால் போங்கள்.

முதல் ஓட்டத்துக் கல்லைப் பொறுக்கி முடித்த பிறகே இரண்டாவது, 15 சென்ரிமீற்றர். மூன்றாவது வேண்டாம். அதற்குக் கீழே உள்ள கல், நீங்கள் அந்த ஆழத்துக்கு உழாத வரைக்கும் உங்கள் பயிரோடு சண்டைக்கு வராது.

சங்கிலியில் கல் இறுகினால் பீடிஓவை விடுவித்து, எஞ்சினை நிற்பாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு இறங்குங்கள். எஞ்சின் ஓட ஓட அலவாங்கால் தட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு கையை இழந்த பிறகு அதை விட்டுவிட்டுப் பயனில்லை. சாரம் கட்டிக்கொண்டு மெசினுக்குக் கிட்டப் போகக் கூடாது. சேலைத் தலைப்பும் நீண்ட பின்னலும் அப்படித்தான். ஓடும் மெசினுக்குப் பின்னால் பத்து மீற்றருக்குள் ஒருவரும் நிற்க வேண்டாம், பிள்ளைகளைத் தறைக்குள்ளேயே விட வேண்டாம்.

பொறுக்கலும் ஏற்றலும்

விழுந்த கல்லை அன்றைக்கே ஏற்றாதீர்கள். ஒரு நாள் வெயிலில் கிடக்கட்டும். ஒட்டிய மண் காய்ந்து வெடிக்கும், அடுத்த நாள் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் தோல்போல உரிந்து தறையிலேயே விழும். ஒரு கல்லில் ஒட்டியிருப்பது ஒரு பிடி மண்தான். 30 தொன் கல்லில் எத்தனை பிடி என்று எண்ணிப் பாருங்கள்.

கூலியை நாளுக்குப் பேசுங்கள், ட்ரக்டர்ப் பெட்டிக்குப் பேச வேண்டாம். பெட்டிக் கணக்கென்றால் பெட்டி சீக்கிரம் நிறைய வேண்டும், மண்கட்டியும் சின்னக்கல்லும் சேர்ந்து ஏறும். பொறுக்குகிறவரில் பிழையில்லை, நாம் பேசிய கணக்கில்தான் பிழை. எங்களோடு வேலை செய்த ஒரு அக்கா கட்டியையும் கல்லையும் கையில் எடுத்ததும் பாரத்தாலேயே பிரிப்பார். “தம்பி, இது மண், இதை ஏன் ஏத்துறியள்?” என்று என் கையிலிருந்ததையும் வாங்கிக் கீழே போட்டார். அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் வரிசையை ஒப்படையுங்கள்.

கையுறை, முன்மூடிய சப்பாத்து எல்லோருக்கும் வேண்டும். 25 கிலோவுக்கு மேற்பட்டதை இரண்டு பேர் முழங்கால் மடித்துத் தூக்க வேண்டும். பெட்டியை நிரப்பாதீர்கள். ஒரு கியூப் (நூறு கன அடி) கல் நாலு தொன்னுக்கு மேல் வரும். அந்தப் பாரத்தோடு பெட்டி ஈரத் தறையில் ஓடினால் மண் இறுகி, கல் எடுத்த பலனையே கெடுத்துவிடும். அரைப் பெட்டி ஏற்றி, எப்போதும் ஒரே தடத்தால் போய் வாருங்கள்.

எடுத்த கல்லை என்ன செய்வது

வீட்டு அத்திவாரத்துக்கும், கிணற்றடி கட்டவும், வாய்க்கால் ஓரத்துக்கும், தோட்டத்துப் பாதைக்கும் இது நல்ல கல். நெடுந்தீவில் வேலியே இப்படிக் கல்லை அடுக்கிக் கட்டியதுதான், சாந்து இல்லாமல் நிற்கிறது. தறை ஓரத்தில் இரண்டடி உயரத்துக்கு அப்படி அடுக்கினால் மழை வெள்ளத்தோடு மண் வெளியே போகாமலும் தடுக்கும்.

வெளியே விற்கவோ லொறியில் கொண்டுபோகவோ போகிறீர்கள் என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சுண்ணாம்புக்கல் அகழ்வதும் கொண்டுசெல்வதும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்க, கனிப்பொருள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டிய விடயம். தோட்டத்தில் பொறுக்கிய கல் என்று வீதியில் மறிக்கிறவரிடம் வாயால் விளங்கப்படுத்துவது இலேசில்லை.

பாழடைந்த கிணற்றிலோ நிலத்தில் உள்ள பிலத்திலோ கொட்டக் கூடாது. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு நம் நிலத்துக்கு அடியில் எப்படிப்பட்ட குகைகளும் வெடிப்புகளும் இருக்கின்றன என்று தெரியும். நாம் குடிப்பதும் இறைப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். கல்லோடு சேர்ந்து மதில் இடிபாடும் பிளாஸ்ரிக்கும் எண்ணெய்த் துணியும் அதற்குள் போகும், பக்கத்து வீட்டுக் கிணற்றில் வந்து நிற்கும்.

குவித்து வைத்த கும்பியை வெறுங்கையால் கிளறாதீர்கள். சுருட்டையும் புடையனும் அதற்குள் படுத்திருக்கும். ஒரு நீளத் தடியால் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

கல் போன பிறகு

கல் எடுத்த தறை கொஞ்சம் தாழும், பொதுமிப் போய்க் கிடக்கும். அந்த நிலையில் வெறுமையாக மழைக்கு விடக் கூடாது. சணல் விதைத்து, பூக்கும் முன்னர் மடக்கி உழுங்கள். அல்லது நம் முன்னோர் செய்ததுபோலப் பனையோலையையும் பூவரசங் குழையையும் மண்ணுக்குள் தாழ்த்து எருப் போடுங்கள். எங்கள் தறையில் ஓலை தாழ்த்த பகுதியும் தாழ்க்காத பகுதியும் அடுத்த வெங்காயத்தில் கோடு போட்டதுபோலத் தெரிந்தது. எரு எவ்வளவு, எந்தப் பயிர் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

அடுத்த ஆவணியில் பழைய குழிகளுக்குப் பக்கத்திலேயே திரும்ப ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் கிண்டி நிறுங்கள். எங்களுக்கு 20 கிலோ 7 கிலோவாக இறங்கியது. அந்த வருடம் மெசினைக் கூப்பிடவில்லை, கையால் பொறுக்கினோம்.

இரவல் மெசின் என்றால் இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. விரல்களைக் கழற்றி, கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வையுங்கள். தடித்த கம்பிகளை எடுத்துவிட்டு, கட்டி வைத்த பழைய கம்பிகளை எண்ணிப் பூட்டுங்கள். பெயாரிங்குகளைத் திறந்து மண் போயிருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமாக இருந்தால் புதிது போடுங்கள். மாசியில் கிழங்கு கிண்டுவதற்கு ஒரு மாதம் முன்னர், தைப்பொங்கலுக்குள், மெசின் அவரவர் கொட்டிலில் திரும்ப நிற்க வேண்டும்.